இயற்பியல் வற்றிவிட்டதா? பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடைத்த பதில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் எல்லாருக்கும் வரும் முதல் தலைவலி ஒன்று உண்டு. பழைய கம்ப்யூட்டரில் உள்ள போட்டோக்களையும் பைல்களையும் புதியதற்கு எப்படிக் கொண்டு வருவது? சென்ற மே மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, பிளஸ் டூவில் எனக்கு இயற்பியல் பாடம் எடுத்த ஆசிரியர் இதே கேள்வியுடன் காத்துக் கொண்டிருந்தார். பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பதினைந்து வருடம் உழைத்த பழைய கம்ப்யூட்டருக்கு விடை கொடுத்துவிட்டு, எஸ்.எஸ்.டி. பொருத்திய புதிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மேஜை மேல் வைத்திருந்தார்.

பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கன்வர்ட்டர் ஒன்றின் மூலம் புதியதில் இணைத்தேன். (கடைகளில் 'சாட்டா டு யு.எஸ்.பி.' என்று கேட்டால் தருவார்கள். வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.) மொத்தம் 130 ஜி.பி. காப்பி கொடுத்தவுடன் ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று திரையில் வந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நடந்த சண்டைதான் இந்தக் கட்டுரை.

சண்டைக்குக் காரணம் சாரின் பேத்தி. பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நல்ல மதிப்பெண். பி.எஸ்சி. பிசிக்ஸ் படிக்க வேண்டும் என்கிறாள். சார் வேண்டாம் என்கிறார். பத்து வருடங்களுக்கு முன் என்னை பிசிக்ஸ் படி, பிசிக்ஸ் படி என்று வீட்டுக்கே வந்து சொன்னவர் இவர்தான். நான் கேட்கவில்லை. இன்ஜினியரிங்கில் சேர்ந்தேன், கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்தது, இன்று சாப்ட்வேர் எழுதிக் கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் தன் சொந்தப் பேத்தியிடம் மாற்றிப் பேசுவதைக் கேட்டதும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது.

"அப்போ சொன்னது அப்போ தம்பி. பெரிய மூளைகள் எல்லாம் போயாச்சு. இப்போ பிசிக்ஸ்ல ஒண்ணும் மிச்சமில்லை" என்றார்.

"அண்ணா, நீங்களாவது சொல்லுங்க" என்றாள் பேத்தி.

சார் சும்மா சொல்லவில்லை. அவரிடம் கணக்கு இருந்தது.

சாரின் கணக்கு

1905ல் ஐன்ஸ்டீனுக்கு வயது 26. சுவிட்சர்லாந்தில் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக் கொண்டே, ஒரே ஆண்டில் இயற்பியலைப் புரட்டிப் போட்ட கட்டுரைகளை எழுதினார். 1925ல் ஹைசன்பர்க் குவான்டம் இயக்கவியலுக்கு அடித்தளம் போட்டபோது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டு ஷ்ரோடிங்கர் தன் சமன்பாட்டைத் தந்தார். 1928ல் டிராக் எலக்ட்ரானுக்கான சமன்பாட்டை எழுதினார். யாரும் பார்த்திராத எதிர்த்துகள் ஒன்று இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்தச் சமன்பாடே அவரைக் கொண்டு சென்றது. 1932ல் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, முப்பது ஆண்டுகளுக்குள் உலகத்தின் அடிமட்ட விதிகள் மாறிவிட்டன.

1927ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சால்வே மாநாட்டின் குரூப் போட்டோவை நீங்கள் பார்த்திருக்கலாம். அதில் 29 பேர் இருக்கிறார்கள். அவர்களில் 17 பேர் நோபல் பரிசு வாங்கியவர்கள் அல்லது பின்னர் வாங்கப் போகிறவர்கள். சார் அந்தப் படத்தைப் பழைய கம்ப்யூட்டரில் வால்பேப்பராகவே வைத்திருந்தார்.

நம் ஊர்க் கதையும் அவரிடம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் 1930ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம் எவ்வளவு எடை வரை தாக்குப் பிடிக்கும் என்று பயணத்தின்போதே கணக்குப் போட்டார். அந்த எல்லைக்கு இன்று அவர் பெயர்தான். 1983ல் நோபல் பரிசு கிடைத்தது. "ஒரு பையன், கையில பேப்பர், சுத்தி கடல். அவ்வளவுதான் தேவைப்பட்டது" என்றார் சார்.

இப்போது மறுபக்கம். ஹிக்ஸ் போசான் என்ற துகளின் எடையைத் துல்லியமாக அளந்து 2015ல் ஒரு கட்டுரை வெளியானது. அதன் ஆசிரியர்கள் எத்தனை பேர் தெரியுமா? 5154 பேர்! மொத்தம் 33 பக்கம். அதில் விஷயம் 9 பக்கம். மீதி 24 பக்கமும் எழுதியவர்களின் பெயர்களும் அவர்களது நிறுவனங்களும்தான். "இதுல யாரைப்பா ஐன்ஸ்டீன்னு சொல்றது?" என்று கேட்டார்.

கடைசி அஸ்திரத்தையும் விட்டார். 2024ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு ஜான் ஹாப்ஃபீல்டு, ஜெஃப்ரி ஹின்டன் என்ற இருவருக்குக் கொடுக்கப்பட்டது. எதற்காக? செயற்கை நரம்பு வலைப்பின்னல்களுக்காக. அதாவது இன்று உங்கள் மொபைலில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறதே, அந்தச் செயற்கை நுண்ணறிவுக்கு அடித்தளமான வேலைக்காக. "கொடுக்க பிசிக்ஸ்ல ஆள் இல்லைன்னுதானே உங்க கம்ப்யூட்டர் ஆளுங்களுக்குக் கொடுத்தாங்க?" இதைச் சொன்னபோது நான்தான் குற்றவாளி என்பது போல என்னைப் பார்த்தார்.

திரையில் 18 சதவீதம் காப்பியாகியிருந்தது.

அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள்

இது சாரின் புலம்பல் மட்டும் அல்ல. பேட்ரிக் காலிசன், மைக்கேல் நீல்சன் என்ற இருவர் 2018ல் ஒரு வேலை செய்தார்கள். நோபல் பரிசு பெற்ற இரண்டு கண்டுபிடிப்புகளை அருகருகே வைத்து, எது பெரியது என்று இயற்பியலாளர்களையே கேட்டார்கள். வந்த பதில்களைப் பத்தாண்டு வாரியாகப் பிரித்துப் பார்த்தால், உச்சம் 1910களிலிருந்து 1930கள் வரையிலான காலம்தான். அதற்குப் பிறகு அந்த உயரம் வரவில்லை.

2023 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் இன்னொரு ஆய்வு வெளிவந்தது. இது நம்மைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்களுக்குப் பிடித்த வகை. சுமார் 4.5 கோடி ஆய்வுக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசினார்கள். ஒரு கட்டுரை வந்த பிறகு, அதற்கு முந்தைய கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டுவதை நிறுத்திவிட்டால் அது பழைய பாதையை உடைத்த கட்டுரை. அதையும் காட்டி, பழையதையும் சேர்த்துக் காட்டினால் அது பழைய பாதையிலேயே போன கட்டுரை. இப்படி மதிப்பெண் போட்டுப் பார்த்ததில், 1945க்குப் பிறகு எல்லாத் துறைகளிலும் பாதையை உடைக்கும் குணம் சரிந்துகொண்டே வந்தது தெரிந்தது. உலகம் முழுவதும் செய்தியாயிற்று.

இங்கேதான் ஒரு வேடிக்கை. 2024ல் வேறு சில ஆய்வாளர்கள் அந்த டேட்டாவைத் திரும்பத் தோண்டினார்கள். பல கட்டுரைகளுக்கு மேற்கோள் பட்டியலே பதிவாகவில்லை. கட்டுரையில் பட்டியல் இருக்கிறது, டேட்டாபேஸில்தான் இல்லை. பட்டியல் காலியாக இருந்தால் சூத்திரம் என்ன செய்யும்? 'இது பழைய யாரையுமே சாராத மகா புதுமை' என்று முழு மதிப்பெண் போட்டுவிடும்! இப்படிக் காலியாகக் கிடந்தவை பெரும்பாலும் பழைய கட்டுரைகள். அதனால் பழைய காலம் உண்மையில் இருந்ததைவிட உயரமாகத் தெரிந்தது என்பது அவர்கள் வாதம். முதலில் ஆய்வு செய்தவர்கள் இதை ஒப்புக் கொள்ளவில்லை, விவாதம் நடக்கிறது. என் தொழிலில் தினமும் பார்க்கும் கூத்து இது. காலியான கட்டத்தைக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எடுத்துக் கொள்ளும். எக்ஸெலில் வீட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இதை ஒருமுறையாவது அனுபவித்திருப்பீர்கள்.

எனவே அந்த வரைபடத்தை வைத்து இயற்பியலுக்கு இறுதிச் சடங்கு நடத்த நான் தயாராக இல்லை. ஆனால் இயற்பியலாளர்களே போட்ட ஓட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. அதற்குப் பதில் வேண்டும்.

கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்

அலமாரியில் இன்னொரு ஹார்ட் டிஸ்க் கிடந்தது. 2003 வாக்கில் வாங்கியது, 40 ஜி.பி., எப்போதோ இறந்துவிட்டது. நட்சத்திர வடிவ ஸ்க்ரூக்களைக் கழற்றி அதைத் திறந்தேன். (ஓடிக் கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை ஒருபோதும் திறக்காதீர்கள். ஒரு தூசி உள்ளே போனாலும் கதை முடிந்தது.) உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டு. அதன் மேல் கிராமபோன் முள் போல ஒரு கை. அந்தக் கையின் நுனியில் மிளகைவிடச் சிறிய ஒரு துண்டு. அதுதான் 'ஹெட்'.

தட்டில் உங்கள் போட்டோ எப்படி இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய காந்தங்களாக. காந்தங்கள் நிற்கும் திசைகளை வைத்துத்தான் 1, 0 என்ற கணக்கு. தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும்போது, தலைமுடியின் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் ஹெட் மிதந்தபடி அந்தக் காந்தங்களைப் படிக்க வேண்டும். ஒரே தட்டில் நிறைய எழுத வேண்டுமானால் காந்தம் சிறியதாக வேண்டும். காந்தம் சிறியதானால் அதன் பலமும் குறையும். ஹெட்டுக்குக் காது கேட்காமல் போகும்.

காந்தத்தின் அருகில் ஒரு உலோகத்தின் மின்தடை சிறிது மாறும் என்பது 1857லேயே தெரியும். ஆனால் மாற்றம் சில சதவீதம்தான். அவ்வளவுதான் முடியும் என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 1988ல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட் குழுவினரும் ஜெர்மனியில் பீட்டர் க்ரூன்பெர்க் குழுவினரும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே விஷயத்தைக் கண்டார்கள். இரும்பை ஒரு சில நானோமீட்டர் தடிமனுக்குப் படரவிட்டு, நடுவில் அதைவிட மெல்லிய குரோமியம் அடுக்கு வைத்து, மீண்டும் இரும்பு. சாண்ட்விச் போல. இரண்டு இரும்பு அடுக்குகளின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால் எலக்ட்ரான்கள் சுலபமாகப் போகின்றன. எதிரெதிராக இருந்தால் தடுமாறுகின்றன. பல அடுக்குகள் வைத்த ஃபெர்ட்டின் சோதனையில், கடுங்குளிரில், காந்தத்தைக் கொண்டு வந்ததும் மின்தடை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதற்கு 'ராட்சத காந்தமின்தடை' என்றே பெயர் வைத்தார்கள்.

ஏன் இப்படி? எலக்ட்ரானுக்கு 'ஸ்பின்' என்று ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அடுக்கின் திசையோடு ஒத்துப் போகும் எலக்ட்ரானுக்கு வழி கிடைக்கிறது, ஒத்துப் போகாததற்கு இடி கிடைக்கிறது. தியேட்டரில் கூட்டம் வெளியே வரும்போது எதிர்த் திசையில் உள்ளே போக முயன்றிருக்கிறீர்களா? அது மாதிரி.

ஸ்பின் என்ற எண்ணத்தைச் சொன்னவர்கள் உலன்பெக், கவுட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள். ஆண்டு 1925. சாரின் பொற்காலம்தான்! ஆனால் அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, மின்சாரத்தை அதன் ஸ்பின்னை வைத்து இப்படி ஆட்டிப் படைக்கலாம் என்று யாரும் காட்டவில்லை. அதைக் காட்ட, அணுக்களை அடுக்கடுக்காகப் படரவிடும் கருவி முதலில் வர வேண்டியிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஸ்டூவர்ட் பார்க்கின் குழுவினர் மலிவான முறையில் இந்த அடுக்குகளை உருவாக்கிக் காட்டினார்கள். 1997ல் ஐ.பி.எம். இந்த வகை ஹெட் வைத்த ஹார்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அளவு 16.8 ஜி.பி. கண்டுபிடித்த ஒன்பதே ஆண்டில் ஆய்வகத்திலிருந்து கடைக்கு! 2007ல் ஃபெர்ட்டுக்கும் க்ரூன்பெர்க்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஐ.பி.எம். 1956ல் விற்ற முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. எழுத முடிந்தது வெறும் 50 லட்சம் எழுத்துகள். சாரின் பேத்தி பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த இரண்டு போட்டோக்களுக்கே அது போதாது.

சார் ஹெட்டைக் கையில் வைத்து லென்ஸ் வழியாக வெகு நேரம் பார்த்தார். பிறகு, "இது இன்ஜினியரிங்ப்பா, பிசிக்ஸ் இல்லை" என்றார்.

இதில்தான் எனக்கும் அவருக்கும் முட்டுகிறது. ஏற்கெனவே தெரிந்த விதியை எடுத்து ஒரு பொருள் செய்தால் அது இன்ஜினியரிங். நான் தினமும் செய்வது அதுதான். எனக்கு அதில் மயக்கம் இல்லை. ஆனால் சில சதவீதம்தான் என்று எல்லாரும் நம்பிய இடத்தில் இயற்கை ஐம்பது சதவீதத்தை ஒளித்து வைத்திருந்ததே, அதைக் கண்டது இயற்பியல். அது ஹார்ட் டிஸ்க்குக்குள் போய்விட்டதால் அதன் மதிப்பு குறைந்துவிடுமா? பொற்காலத்துக்காரர்கள் விதியை எழுதினார்கள். அந்த விதிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

சார் சொல்வதிலும் நியாயம் உண்டு

ஒன்றை ஒப்புக் கொள்ள வேண்டும். அடிமட்ட விதிகளைத் தேடும் பிரிவில் உண்மையாகவே வறட்சி இருக்கிறது. துகள்களைப் பற்றிய இன்றைய கோட்பாடு 1970களின் மத்தியிலேயே ஏறக்குறைய முழுமை அடைந்துவிட்டது. அதன் கடைசித் துண்டான ஹிக்ஸ் போசானை 1964லேயே கணித்துவிட்டார்கள். ஜெனீவா அருகே பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வட்டச் சுரங்கம் அமைத்து அதைக் கண்டுபிடித்ததாக அறிவித்தது 2012 ஜூலை 4 அன்று. அந்த இயந்திரம் அதோடு நிற்காது, கோட்பாட்டாளர்கள் பல ஆண்டுகளாகக் கணக்குப் போட்டு வைத்திருந்த புதிய துகள்களின் கூட்டத்தையும் காட்டும் என்று எதிர்பார்த்தார்கள். காட்டவில்லை. 1980களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் உழைத்த 'இழைக் கோட்பாடு' இன்னும் ஒரு சோதனையில்கூட நேரடியாக நின்று ஜெயிக்கவில்லை. லீ ஸ்மோலின் போன்ற இயற்பியலாளர்களே இதைக் கண்டித்துப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் இதற்குக் காரணம் மூளை சிறுத்துப் போனதா? நான் அப்படி நினைக்கவில்லை. கேள்வியின் விலை ஏறிவிட்டது. 1900ல் மாக்ஸ் பிளாங்க் குவான்டத்துக்கு வழி திறந்தார் என்றால், அவருக்கு முன்னால் பழைய கோட்பாட்டோடு ஒத்துப் போகாத அளவீடுகள் இருந்தன. சூடான ஒரு உலையிலிருந்து வரும் ஒளியை அளந்தே அந்தச் சிக்கலைப் பார்க்க முடிந்தது. இன்று? எலக்ட்ரானின் காந்த வலிமையைக் கோட்பாட்டில் கணக்கிட்டதும் சோதனையில் அளந்ததும் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு ஒத்துப் போகின்றன. இவ்வளவு சரியாக இருக்கும் கோட்பாட்டில் எங்கே ஓட்டை என்று எப்படித் தேடுவது? ஓடாத புரோகிராமில் தவறைக் கண்டுபிடிப்பது எளிது. எல்லாச் சோதனையிலும் பாஸ் ஆகிக் கொண்டே இருக்கும் புரோகிராமில் எங்கோ தவறு இருக்கிறது என்று தெரிந்தும் அது எங்கே என்று தெரியாமல் விழிப்பது நரகம். நான் அனுபவித்திருக்கிறேன்.

டிராக்கே பிற்காலத்தில் இதைச் சொன்னார். குவான்டம் புரட்சியின் நாட்களில் இரண்டாம் தர இயற்பியலாளர்கூட முதல் தர வேலையைச் செய்துவிட முடிந்தது என்றார். அப்படியானால் அந்த குரூப் போட்டோவில் இருப்பது மூளை மட்டும் அல்ல, நேரமும்தான்.

பிளாங்க் பெயரை எடுத்ததும் அவரது பழைய கதையை ஆரம்பித்தேன். 1874ல் அவர் மியூனிக்கில் படிக்கச் சேர்ந்தபோது, ஃபிலிப் ஃபான் ஜோலி என்ற பேராசிரியர், இயற்பியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது, மூலைமுடுக்கில் தூசு தட்டும் வேலைதான் பாக்கி என்று...

"டேய், இந்தக் கதையை உனக்குச் சொன்னதே நான்தான்டா" என்றார் சார்.

பேத்தி சிரித்துவிட்டாள். "அப்போ இப்போ நீங்கதான் தாத்தா அந்த ஜோலி" என்றாள். திரையில் 61 சதவீதம்.

செலோடேப்பும் பிரபஞ்சமும்

5154 பேர் கதைக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். பெரிய கூட்டமாகச் செய்வது சிறிய மூளையின் அடையாளம் அல்ல. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் லினக்ஸில் பல ஆயிரம் பேரின் கை இருக்கிறது. ஆனால் எல்லாமே கூட்டமாகத்தான் நடக்கிறது என்பதும் தவறு. மான்செஸ்டரில் ஆண்ட்ரே ஜெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவரும் பென்சிலில் இருக்கும் கிராபைட்டின் மீது செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தார்கள். உரிக்க உரிக்க மெலிந்து, ஒரே ஒரு அணு தடிமனுள்ள தகடு கிடைத்தது. அதுதான் கிராபீன். 2004ல் கட்டுரை, 2010ல் நோபல் பரிசு. வெள்ளிக்கிழமை மாலையில் விளையாட்டாகச் சோதனை செய்து பார்ப்பது அந்த ஆய்வகத்தின் பழக்கம். செலோடேப் நம் வீட்டிலும்தான் இருக்கிறது!

யாரும் கேட்காத இடத்திலிருந்து வந்த அதிர்ச்சியும் உண்டு. 1998ல், தொலைதூரத்தில் வெடித்த நட்சத்திரங்களின் ஒளியை அளந்துகொண்டிருந்த இரண்டு குழுக்கள், பிரபஞ்சம் விரிவடையும் வேகம் குறைந்துகொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்த்தன. அளவீடு தலைகீழாக வந்தது. வேகம் கூடுகிறது! அதைக் கூட்டுவது எது? 'இருள் ஆற்றல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; பிரபஞ்சத்தில் சுமார் 68 சதவீதம் அதுதான் என்கிறது கணக்கு; அது என்னவென்று எவருக்கும் தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு தெரியாத ஒரு பாடத்தை முடிந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

2024 நோபல் பரிசைப் பற்றி எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஹின்டன் இயற்பியலாளர் அல்ல என்பது உண்மை. ஆனால் ஹாப்ஃபீல்டு இயற்பியலாளர். 1982ல் அவர் செய்தது, ஒரு பொருளில் உள்ள லட்சக்கணக்கான குட்டிக் காந்தங்கள் ஒன்றையொன்று பாதித்து ஒரு நிலைக்கு வந்து சேரும் கணக்கை எடுத்து, அதே போல ஒரு வலைப்பின்னல் மறந்துபோனதை நினைவுக்குக் கொண்டு வரும் என்று காட்டியது. ஹின்டன் குழுவினர் 1985ல் உருவாக்கிய மாதிரிக்கு 19ஆம் நூற்றாண்டு இயற்பியலாளர் போல்ட்ஸ்மேனின் பெயர்தான் வைத்தார்கள். இயற்பியல் கம்ப்யூட்டரிடம் பரிசைத் தோற்றுவிட்டது என்கிறார் சார். கம்ப்யூட்டர் இயற்பியலிடம் கடன் வாங்கியது வெளியே தெரிந்துவிட்டது என்கிறேன் நான்.

உங்கள் கம்ப்யூட்டரும் சேரலாம்

காப்பி முடியும் தறுவாயில் பேத்திக்கு ஒன்றைக் காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன். 2005ல் தொடங்கிய 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' என்ற திட்டம், உலகெங்கும் வீடுகளில் சும்மா இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு வானியல் டேட்டாவைத் துண்டு துண்டாக அனுப்பி அலச வைக்கிறது. ஈர்ப்பு அலைகளையும், வேகமாகச் சுழலும் 'பல்சார்' நட்சத்திரங்களையும் தேடுவது நோக்கம். 2010ல் இத்திட்டத்தின் மூலம் வினாடிக்கு சுமார் 41 முறை சுழலும் ஒரு பல்சார் கிடைத்தது. அதன் தடயம் எங்கே பிடிபட்டது தெரியுமா? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கம்ப்யூட்டரிலும், ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவரின் கம்ப்யூட்டரிலும். கண்டுபிடிப்பு 'சயன்ஸ்' இதழில் வெளியானது.

இதில் சேர, முதலில் 'பாயின்க்' என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து எழுத்துகளைத் தேடினால் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தின் தளம் வரும். அங்கிருந்து மட்டும் எடுங்கள். இன்ஸ்டால் செய்து திறந்தவுடன் திட்டங்களின் பட்டியல் வரும். அதில் ஐன்ஸ்டீன் அட் ஹோமைத் தேர்ந்தெடுத்து, இமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்தால் முடிந்தது. வேலை தானாக வந்து சேரும். ஒரு எச்சரிக்கை: இது பிராசசரை முழுதாக ஓடவிடும். மின்சாரச் செலவு கூடும், சூடு ஏறும். செட்டிங்ஸில் பாதி அளவுக்குக் குறைத்து வையுங்கள். கோடையில் லேப்டாப்பில் வேண்டாம்.

100 சதவீதம் காப்பி ஆனதும் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சாரிடம் கொடுத்தேன். புதிய எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஹெட்டும் இல்லை. அதில் எலக்ட்ரான்கள் ஒரு மெல்லிய சுவரைத் துளைத்துக் கொண்டு போய் உள்ளே அடைபடுகின்றன. 1928ல் கணக்குப் போட்ட குவான்டம் ஊடுருவல்தான் அது என்றேன். இதற்குச் சார் சண்டைக்கு வரவில்லை. 1928 அவருடைய ஆண்டு அல்லவா!

நான் ஊர் திரும்பிய இரண்டு வாரத்தில் பேத்தியிடமிருந்து மெசேஜ் வந்தது. பி.எஸ்சி. பிசிக்ஸுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். தாத்தா கையெழுத்துப் போட்டாராம், ஆனால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கும் சேர்த்துப் பணம் கட்ட வைத்தாராம். மறுநாள் சாரே போன் செய்தார்.

"தம்பி, அந்த ஐன்ஸ்டீன் புரோகிராம் ராத்திரியிலிருந்து 37 சதவீதத்துலயே நிக்குதுப்பா. எதாவது கெட்டுப் போச்சா?"

கெட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டரை யாராவது பயன்படுத்தினால் வேலையை நிறுத்தி வைக்கும்படி நான்தான் செட் செய்திருந்தேன். முன்னேறுகிறதா என்று பார்க்க அவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மவுஸை அசைத்துக் கொண்டே இருந்திருக்கிறார்.